இன்மை அறிக்கை

கம்ப்யூட்டர் ரூம் வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு கிடந்தால் அந்த அலுவலகத்தில் யாரும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். ஒன்று தட்டச்சர் உண்ணாமலையின் நீல வார் ரப்பர் செருப்பு. இன்னொன்று கண்காணிப்பாளர் கோதண்டராமனின் பழுப்புத் தோல் செருப்பு. தூசி பட்டால் மெஷின் கெட்டுவிடும் என்று செருப்பை வெளியே விடச் சொல்லி அட்டை தொங்கவிட்டிருந்தார்கள். அந்தப் புண்ணியத்தில் உள்ளே யார் இருக்கிறார்கள், எவ்வளவு நேரமாக இருக்கிறார்கள் என்பது இருபத்திரண்டு பேருக்கும் தெரிந்தது. தெரிந்து என்ன? கண்டும் காணாமல் இருப்பதற்கு அரசாங்கம் தனிப்படி எதுவும் கொடுப்பதில்லை. ஆனாலும் எல்லோரும் அதை ஒரு வேலையாகவே செய்து வந்தார்கள்.

வேதாவும் செய்தாள். வேங்கிக்காலில் இருந்த அந்த மாவட்ட அலுவலகத்தில் அவள் உதவியாளர். எந்தத் துறை என்பது இங்கே முக்கியமில்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, ஒன்பதே முக்காலுக்குக் கையெழுத்துப் போட்டு, சென்னைக்குப் போகவேண்டிய காலாண்டு அறிக்கைகளை நாள் தவறாமல் அனுப்பிவிடுவாள். அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு. அவள் மேஜையிலிருந்து பார்த்தால் அந்த இரண்டு ஜோடிச் செருப்பும் நேராகத் தெரியும். பார்த்தால் எரிச்சல் வரும். எரிச்சல் வந்தால் ஒரு கோப்பை எடுத்து விரித்துக்கொள்வாள்.

உண்ணாமலை அந்த அலுவலகத்திலேயே டிரைவராக இருந்து செத்துப்போன தருமனின் மகள். கருணை அடிப்படையில் கிடைத்த வேலை. அந்த 2004 செப்டம்பர் முப்பதோடு தகுதிகாண் பருவம் முடிகிறது. முடிந்ததா, நீட்டிப்பதா என்று எழுத வேண்டியவர் கோதண்டராமன். பௌர்ணமிக்கு கிரிவலப் பாதையில் உதவி முகாம் போடுவார்களே, அதற்கு டியூட்டிப் பட்டியல் எழுதுபவரும் அவர்தான். மற்றவர்களுக்கு நான்கு மாதத்துக்கு ஒரு முறை வரும் டியூட்டி, உண்ணாமலைக்கு மட்டும் மாதா மாதம் வந்தது. அதுவும் அடி அண்ணாமலை முகாமில், கோதண்டராமனோடு. வேதா ஒரு நாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "கொஞ்சம் தள்ளியே இரும்மா. புரொபேஷன் முடியட்டும்" என்று புத்தி சொன்னாள். சொல்லிவிட்டு ஏதோ பெரிய உதவி செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

செப்டம்பர் இரண்டாம் வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் உண்ணாமலை ஒரு தாளோடு வந்து நின்றாள்.

"அக்கா, புகார்க் குழுத் தலைவர்னு ஒருத்தங்க இருக்கணுமாமே, நம்ம ஆபீஸ்ல அது யாருங்கக்கா?"

"எந்தக் குழு?"

"ஆபீஸ்ல பொம்பளைங்களுக்குத் தொந்தரவுன்னா புகார் குடுக்குற குழு. எல்லா ஆபீஸ்லயும் இருக்கணும்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்குதுன்னு பேப்பர்ல படிச்சேன். பேரு தெரியாததால வெறும் தலைவர்னு போட்டுத் தபால்ல குடுத்தேன். திரும்பி வந்துடுச்சி."

வேதா தாளை வாங்கிப் பார்த்தாள். ஓரத்தில் சிவப்பு மையில், 'உரிய வழியாக வரவில்லை. திருப்பப்படுகிறது.' கீழே கோதண்டராமனின் கையெழுத்து. ஊழியர் எழுதும் எந்த மனுவும் அவருடைய மேலதிகாரியின் பரிந்துரையோடுதான் மேலே போக வேண்டும். உண்ணாமலையின் மேலதிகாரி கோதண்டராமன். ஆக, கோதண்டராமன் மீது புகார் கொடுப்பதென்றால் கோதண்டராமனே அதைப் படித்துப் பார்த்து, சரிதான் என்று பரிந்துரை செய்ய வேண்டும். இந்த விதியை எழுதிய மகராசன் எங்கே இருக்கிறானோ, நன்றாக இருக்கட்டும்.

மனுவை வேதா படித்தாள். மௌஸ் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதாகச் சொல்லிக் கைமேல் கை வைப்பது. நாற்காலியை ஒட்டிப் போட்டுக்கொள்வது. எழுந்தால், 'ரிப்போர்ட் நான்தான் எழுதணும், ஞாபகம் இருக்கட்டும்' என்பது. முகாமில் மைக் சத்தம் ஜாஸ்தி என்று காதருகே வந்து பேசுவது. தேதி போட்டு, நேரம் போட்டு, அலுவலக நடையிலேயே எழுதியிருந்தாள்.

"அந்தக் குழு பத்திக் காலாண்டு அறிக்கை ஒண்ணு போவுது. பைல் எங்கிட்டதான் இருக்கு. இரு, யாருன்னு பாக்கலாம்" என்று பீரோவைத் திறந்தாள்.

மேலாகவே இருந்தது ஜூன் மாத அறிக்கை. பெறப்பட்ட புகார்கள்: இன்மை. விசாரிக்கப்பட்டவை: இன்மை. நிலுவை: இன்மை. தாமதத்திற்கான காரணம்: ஒரு சிறு கோடு. அடியில் ச. வேதா, தலைவர்.

வேதாவுக்குப் பிடரியில் அறைந்தாற்போல் ஆயிற்று. மறந்தே போயிருந்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது, நினைத்ததே இல்லை. மரம் வளர்ப்புக் குழுவில் அவள் செயலாளர். சிறுசேமிப்புக் குழுவில் உறுப்பினர். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பதினான்கு அறிக்கைகள் அடுக்காக வரும். போன தடவைத் தாளைப் பார்த்துத் தேதியை மட்டும் மாற்றி, பதினான்கிலும் கையெழுத்துப் போட்டுத் தள்ளுவாள். 1999இல், இருக்கிற பெண்களில் சீனியர் யார் என்று கேட்டு அவள் பெயரை எழுதிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான் நடந்தது.

"நீங்கதானாக்கா?" என்றாள் உண்ணாமலை. அவள் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் வேதாவுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"ராஜினாமா லெட்டரும் எழுதி வெச்சிட்டேன்கா. பேக்ல இருக்குது. இன்னும் ஒரு வருசம் அந்தாளு கைல மாட்டிக்கினு என்னால முடியாது."

"கிழிச்சிப் போடு அத."

"கிழிச்சா யாரு கேக்கப் போறாங்க?"

வேதா எழுந்து நேராகக் கோதண்டராமனின் மேஜைக்குப் போனாள்.

"சார், குழுவைக் கூட்டணும்."

"எந்தக் குழு மேடம்? மரம் வளர்ப்பா? மழை வரட்டுமே."

"பெண்கள் புகார்க் குழு."

கோதண்டராமன் பேனாவை மூடி வைத்துவிட்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். நெற்றியில் விபூதி கலையாமல் இருந்தது. "ஓ, அதுவா. நானும் அதுல மெம்பர்தானே. ஆதிலட்சுமின்னு டைப்பிஸ்ட் ஒண்ணு இருந்துச்சே, அதுவும் மெம்பர். அது ராஜினாமா பண்ணிட்டுப் போயிடுச்சி. மிச்சம் நீங்களும் நானும்தான். இப்பவே கூட்டிடலாமா? டீ சொல்லட்டா?"

அவர் பேனாவைத் திரும்பத் திறந்தார்.

"அந்தப் பொண்ணு டைப் அடிக்கிறதுல தப்பு ஜாஸ்தி மேடம். புரொபேஷனை ஒரு வருசம் தள்ளிப்போட்டா தானா கத்துக்கும். நீங்க எதுக்கு டென்ஷன் ஆவறீங்க? செப்டம்பர் அறிக்கை நாள் வருது, அதைப் பாருங்க."

மாவட்ட அலுவலரிடம் போனாள். அவருக்கு ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம். சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அஞ்சு வருசமா இன்மைன்னு குடுத்துட்டு இப்ப திடீர்னு ஒண்ணுன்னு குடுத்தா, மேல இருந்து நூறு கேள்வி வரும்மா. நாமதான் பதில் எழுதணும். உள்ளுக்குள்ளயே பேசி முடிச்சிடுங்களேன். கோதண்டராமன் நல்ல வேலைக்காரன்." நல்ல வேலைக்காரன்தான். எந்தத் தாள் எங்கே போய்ச் சேரக்கூடாது என்பது அவனைப் போல யாருக்கும் தெரியாது.

அன்று மாலை எல்லோரும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது வேதா மட்டும் அந்தக் கோப்பை அடியிலிருந்து புரட்டினாள். குழு அமைத்த ஆணை இருந்தால் அதில் ஏதாவது வழி இருக்காதா என்ற நப்பாசை. ஆணை இருந்தது. வெளியிலிருந்து ஒரு பெண் உறுப்பினர் வேண்டும் என்றிருந்த இடத்தில், 'பின்னர் நியமிக்கப்படும்' என்று எழுதியிருந்தது. ஐந்து வருடமாக அந்தப் பின்னர் வரவில்லை. இன்மை அறிக்கைகள் வரிசையாக இருந்தன. எண்ணினாள். இருபத்தொன்று.

2000 செப்டம்பர் அறிக்கைக்கு முன்னால் நூலில் கோத்து ஒரு நாலு பக்கத் தாள் இருந்தது. பெறுநர்: தலைவர், புகார்க் குழு. அனுப்புநர்: ஆதிலட்சுமி, தட்டச்சர். ரெக்கார்டு ரூமில் கோப்பு எடுக்கப் போனால் பின்னாலேயே வந்து கதவைச் சாத்துவது. ரிப்போர்ட் நான்தான் எழுத வேண்டும் என்பது. நான்கு வருடத்தில் ஆள் ஒரு வார்த்தையைக்கூட மாற்றிக்கொள்ளவில்லை. ஓரத்தில் சிவப்பு மையில், 'உரிய வழியாக இல்லை. கோப்பில் வைக்கவும்.' அதற்குக் கீழே, பார்த்தாயிற்று என்பதற்கு அடையாளமாக நீல மையில் ஒரு 'வே'. அவளுடைய சுருக்கொப்பம். வாலைக் கொஞ்சம் இழுத்துப் போடுவாள், வேறு யாரும் அப்படிப் போடுவதில்லை. அடுத்த தாளில், அதற்குப் பதினொரு நாள் கழித்த தேதியில், பெறப்பட்ட புகார்கள்: இன்மை. ச. வேதா, தலைவர்.

தினமும் காலையில் தபால் கட்டு வரும். நாற்பது, ஐம்பது தாள். எல்லாவற்றிலும் 'வே' போட்டு அடுத்த மேஜைக்குத் தள்ள வேண்டும். படித்துக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும் என்று அந்த அலுவலகத்தில் யாரும் படிப்பதில்லை. வேதா வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததே அதுதான்.

ஆதிலட்சுமி 'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். பிரிவு உபசாரத்தில் கோதண்டராமன்தான் பேசினார். தங்கமான பெண் என்றார். வேதா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கவர்மெண்டு வேலையப் போயி யாராவது உடுவாங்களாடி? உனக்குத் திமிரு" என்றாள். அவள் ஒரு மாதிரிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் இப்போதுதான் வேதாவுக்கு உறைத்தது. கோப்பை மூடுவதற்கு முன் அந்த நாலு பக்கத்தையும் அவிழ்த்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். இருபது வருட சர்வீஸில் கோப்பிலிருந்து ஒரு தாளை வெளியே எடுத்துப் போனது அதுதான் முதல் தடவை.

ஆதிலட்சுமி எங்கேயும் காணாமல் போய்விடவில்லை. கீழ்பென்னாத்தூர் பஸ் நிறுத்தத்திலேயே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். வேதா தினமும் அந்த வழியாகத்தான் போவாள்; ஒரு சிரிப்பு, ஒரு தலையசைப்பு, அத்தோடு சரி. அன்று போய் நின்றதும், "இன்னாக்கா, காப்பி எடுக்கணுமா?" என்று கை நீட்டினாள். தாளைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டாள்.

"இது இன்னும் இருக்குதா?"

"பைல்ல இருந்துச்சி. அந்தாளு இப்ப இன்னொரு பொண்ணுகிட்ட..." என்றாள் வேதா. "தலைவர்னு போட்டிருக்கியே, அது நான்தான்."

"தெரியும்கா. நானும் அந்தக் குழுவுல மெம்பர்தானே. ஆர்டர டைப் அடிச்சதே நான்தான். நீங்க படிச்சிட்டு, எதுக்கு வம்புன்னு வெச்சிட்டீங்கன்னு இருந்துட்டேன்."

"படிக்கலடி. சத்தியமாப் படிக்கல. கையெழுத்துப் போட்டேன், அவ்வளோதான்."

ஆதிலட்சுமி துணியை எடுத்து மெஷின் மூடியைத் துடைத்தாள். "பயந்துக்கினு வெச்சிட்டீங்கன்னு நெனச்சப்ப உங்க மேல பாவமாக்கூட இருந்துச்சிக்கா. படிக்கவே இல்லன்னா, அது அதவிட மோசம்" என்றாள்.

வேதா நின்றாள். அழுகை வரவில்லை, தன்மேலேயே எரிந்துவிழ வேண்டும் போலிருந்தது. அந்த அலுவலகத்தில் கோதண்டராமன் ஒருவன்தான் கெட்டவன் என்றால் கணக்கு எவ்வளவு சுலபம். அவன் கதவைச் சாத்தினான் என்றால், வெளியே உட்கார்ந்து 'வே' போட்டது யார்?

"எங்க போனாலும் உரிய வழின்னு திருப்பறான். அந்தப் பொண்ணு ராஜினாமா எழுதி வெச்சிக்கினு நிக்குது" என்றாள் வேதா.

ஆதிலட்சுமி துணியைக் கீழே வைத்தாள். "நான்தான் இப்ப கவர்மெண்டு ஆளு இல்லையேக்கா. எனக்கு எதுக்கு உரிய வழி? திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குறாங்க இல்ல? பட்டா கேக்குறவங்க, பென்ஷன் கேக்குறவங்க நிக்கிற லைன்ல நானும் நிக்கிறேன். குடுங்க." மெஷினைப் போட்டாள். நாலு பக்கத்தையும் மூன்று மூன்று காப்பி எடுத்தாள். வேதா பணம் நீட்டியபோது அவள் வாங்கவில்லை. "இது என் மனு" என்றாள்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆதிலட்சுமி வரிசையில் நின்றாள். வேதா அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வேப்பமரத்தடியில் நின்று பார்த்தாள். கவுண்டரில் எங்கே வேலை என்று கேட்டார்கள். ஜெராக்ஸ் கடை என்றாள். மனுவுக்கு ஒரு எண் கொடுத்து, சீல் வைத்த ரசீதைக் கையில் தந்தார்கள். நான்கு வருடம் கோப்புக்குள் கிடந்த தாள் அரை மணி நேரத்தில் எண் வாங்கிவிட்டது. வேதாவுக்குச் சந்தோஷமாக இல்லை; இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருடம் என்று ஆத்திரமாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை அந்த மனு மாவட்ட அலுவலரின் மேஜைக்கு நேராக வந்தது. பத்து நாளில் பதில் வேண்டும், குழு ஏன் விசாரிக்கவில்லை, புகாருக்குள்ளானவர் குழுவில் எப்படி இருக்கிறார் என்று கேள்விகள் எழுதியிருந்தன. அலுவலர் அதை யாருக்கும் காட்டாமல் இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு வேதாவைக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"நான் ஒண்ணுமே பண்ணல சார். அதான் தப்பு."

ஓய்வுக்கு மிச்சமிருந்த ஏழு மாதம் அவரை நன்றாகவே பயமுறுத்தியது. கோதண்டராமனை விசாரணை முடியும் வரை ஊருக்கு வெளியே இருந்த கிடங்குக்குச் சரக்குச் சரிபார்க்க அனுப்பினார். உண்ணாமலையின் தகுதிகாண் கோப்பைத் தானே வாங்கி, தானே கையெழுத்துப் போட்டார். வெளியிலிருந்து வர வேண்டிய பெண் உறுப்பினராக ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவரை இரண்டே நாளில் கண்டுபிடித்தார். ஐந்து வருடமாகக் கிடைக்காத பெண்மணி அலுவலகத்துக்குப் பின்தெருவிலேயே இருந்தார்.

அலுவலகத்தில் யாரும் சந்தோஷப்படவில்லை. உண்ணாமலைதான் மொட்டை மனு போட்டுவிட்டாள் என்று பேச்சு. அவள் சத்தியம் செய்தும் நம்பவில்லை. நல்ல மனுஷனைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டார்களே என்று அலுத்துக்கொண்டார்கள். வேதா போனால் டீ மேஜையில் பேச்சு நின்றது. ஒருவருக்கும் அந்த இரண்டு ஜோடிச் செருப்பு ஞாபகம் இல்லை. அவளுக்குத் திட்ட வேண்டும்போல் வந்தது. ஆனால் யாரைத் திட்டுவது? போன மாதம்வரை அவளும் அந்த டீ மேஜையில்தான் இருந்தாள்.

முப்பதாம் தேதி காலாண்டு அறிக்கை போக வேண்டும். வேதா படிவத்தை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் ரூமுக்குப் போனாள். நீல வார்ச் செருப்பு மட்டும் கிடந்தது. தன் செருப்பை அதன் பக்கத்தில் விட்டுவிட்டு, உள்ளே போய்க் கதவைத் திறந்தபடியே வைத்தாள்.

"பெறப்பட்ட புகார்கள்" என்று அடித்துவிட்டு உண்ணாமலை திரும்பினாள். "ஒண்ணு, இல்லீங்கக்கா?"

"ரெண்டு."

விரல் நின்றது. "நான் ஒருத்திதானே குடுத்தேன்?"

வேதா அந்த நாலு பக்கத்தை அவள் முன்னால் வைத்தாள். "உனக்கு முன்னால இந்த சீட்டுல இருந்தவ. கலெக்டர்கிட்ட போனதும் இதுதான். உங்கிட்ட காட்டச் சொல்லி அவளே சொன்னா."

உண்ணாமலை ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். கதவைச் சாத்துகிற இடம் வந்தபோது கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். படித்து முடித்தபோது அவள் விரல் சிவப்பு மையைத் தாண்டி, அந்த நீல எழுத்தின்மேல் வந்து நின்றது.

"இது உங்க ஒப்பம்தானே?"

"ஆமா."

அவள் திரும்பி, பெறப்பட்ட புகார்கள் என்பதற்கு எதிரே 2 என்று அடித்தாள். விசாரிக்கப்பட்டவை: இன்மை. நிலுவை: 2. எப்போதும் ஒரு கோடு மட்டுமே போடுகிற கடைசிக் கட்டத்துக்கு வந்தாள்.

"தாமதத்திற்கான காரணம்னு இருக்குதுக்கா. இன்னா போடட்டும்?"

வேதாவுக்குப் பதில் தயாராக இருந்தது. அலுவலக நடையில் அதற்கு எத்தனையோ வாக்கியங்கள் உண்டு. இருபது வருடமாக அவளே எழுதியவை.

"தலைவர் மனுவைப் படிக்கவில்லைன்னு போடு."

உண்ணாமலை ஒரு முறை அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னதைச் சொன்னபடியே அடித்தாள். பிரின்டரிலிருந்து வந்த தாளை வேதா முதல் எழுத்திலிருந்து கடைசி வரை படித்தாள். படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.